திரும்பத் திரும்ப அதே இடத்துக்கு

ஒலுவில் குப்பைமேடு, இடிந்தகரைக் கடற்கரை, வாடிப்பட்டி வீடு, கண்ணகி கோயில் முற்றம். இன்றைய புகைப்படத் தொடர்கள் எங்கிருந்து பிறக்கின்றன? படத்தில் இருப்பவர்களுக்கு அவை என்ன செய்கின்றன? மட்டக்களப்பின் கரடியனாற்றுக்கும் படுவான்கரைக்கும் அவற்றில் என்ன பங்கு?

குப்பைமேட்டில் யானைக் கூட்டம் நிற்கிறது. தலைகள் தாழ்ந்திருக்கின்றன. துதிக்கைகள் பொலித்தீன் பைகளைக் கிளறுகின்றன. பைக்குள் மிஞ்சிய சோறும் கறியும் மணக்கின்றன. யானைக்குப் பையை அவிழ்க்கத் தெரியாது, பையோடு சேர்த்தே வாய்க்குள் போகிறது. உயரத்திலிருந்து எடுத்த படத்தில் காட்டின் பச்சைக்கும் குப்பையின் பல நிறங்களுக்கும் நடுவே யானைகள் சாம்பல் நிறப் புள்ளிகளாகத் தெரிகின்றன. நாடகத்தனமான ஒளியோ, கமராவை நோக்கிச் சீறும் கொம்பனோ அங்கே இல்லை. யானைகள் அமைதியாகச் சாப்பிடுகின்றன. பார்ப்பவரைக் கலங்கவைப்பது அந்த அமைதிதான்.

அம்பாறை மாவட்டம் ஒலுவிலில் இந்தப் படங்களை எடுத்தவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த புகைப்பட ஊடகவியலாளர் தர்மபாலன் திலக்ஷன். 2020இல் இவை உலக ஊடகங்களில் பரவின. சம்மாந்துறை, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, ஆலையடிவேம்பு எனச் சுற்றியுள்ள பிரதேசங்களின் கழிவு வந்து கொட்டப்பட்ட இடம் அது. காட்டோரம் தொடங்கிய மேடு மெல்ல மெல்லக் காட்டையே தொட்டுவிட்டது. இறந்த யானைகளின் வயிற்றில் செரிக்காத பொலித்தீன் இருந்ததைப் பிரேத பரிசோதனைகள் காட்டின. அதே மாவட்டத்தின் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் எட்டு ஆண்டுகளில் சுமார் 20 யானைகள் பிளாஸ்டிக் தின்று இறந்ததாக 2022 தொடக்கத்தில் செய்தி வந்தது.

ஒரு யானை ஒரு பையைத் தின்னும் படம் ஒன்று மட்டும் வந்திருந்தால், அதை விபத்து என்று சொல்லிக் கடந்துபோயிருக்கலாம். கூட்டமும் குட்டிகளும் அதே மேட்டில் நிற்கும் படங்கள் அடுத்தடுத்து வந்தபோது, அது யானைகளின் அன்றாட வழக்கமாகிவிட்டது என்பது விளங்கியது. தொடராக எடுப்பதன் வேலையே இதுதான். நடந்த ஒன்றைச் செய்திப்படம் காட்டும். நடந்துகொண்டே இருப்பதைத் தொடர் காட்டும்.

செய்தி முடிந்த பிறகு வருபவர்

செய்திப்படக்காரர் சம்பவத்தைத் துரத்தி வருகிறார், படம் கிடைத்ததும் அடுத்த சம்பவத்துக்குப் போகிறார். தொடர் எடுப்பவர் எதுவும் நடக்காத நாளிலும் அதே இடத்துக்கு வருகிறார். மாதக்கணக்கிலும் சில வேளை பத்தாண்டுகள் வரையிலும் இப்படித் திரும்பி வரும்போது, ஊர் அவருக்காக நிமிர்ந்து நிற்பதை விட்டுவிடுகிறது. அதன் பிறகு கிடைக்கும் படங்களில்தான் அந்த ஊரின் இயல்பு தெரிகிறது. அவற்றில் எதை வைப்பது, எதை விடுவது, எதற்கு அடுத்து எதை அடுக்குவது என்ற முடிவுகளில் எடுத்தவரின் பார்வை தெரிகிறது.

இலங்கைக்கு இது புதிதன்று. கொழும்பின் லயனல் வென்ற் (1900–1944) பியானோக் கலைஞராகவும் ஓவியர்களின் 43 குழுவுக்குப் பின்னணிச் சக்தியாகவும் இருந்தவர். மனித உடலையும் நிழலையும் நாட்டுப்புற வாழ்வையும் தமக்கே உரிய ஒரு மொழியில் எடுத்தார். அவர் மறைந்த பின் 1950இல் ‘சிலோன்’ என்ற நூலாக அவை வெளிவந்தன. பிறகு வந்த நிஹால் பெர்னாண்டோவின் ‘ஸ்ரூடியோ ரைம்ஸ்’ நிறுவனம் காடுகளையும் குளங்களையும் இடிபாடுகளையும் பல்லாண்டு பின்தொடர்ந்தது. உலகில் இவ்வகைக்கு முன்னுதாரணமாகச் சொல்லப்படுவது யூஜின் ஸ்மித்தும் அய்லீன் ஸ்மித்தும் 1971 முதல் ஜப்பானின் மினமாட்டாவில் தங்கி, தொழிற்சாலையின் பாதரசக் கழிவால் நஞ்சேறிய மீனவக் குடும்பங்களை எடுத்த தொடர். 1975இல் நூலான அத்தொடரிடம் கசப்பான பாடம் ஒன்றும் உண்டு. அது பின்னால் வருகிறது.

வீட்டு வாசலிலிருந்து

தமிழில் இன்று பேசப்படும் தொடர்களில் பெரும்பாலானவை எடுத்தவரின் வீட்டு வாசலிலோ அதற்கு மிக அருகிலோ தொடங்கியவை.

மதுரை மாவட்டத்தைச் சேர்ந்த எம். பழனிக்குமாரின் தாயார் மீன் விற்பவர். மகன் முதலில் எடுத்தது தாயையும், தாயைப் போல விடியுமுன் எழுந்து வேலைக்குப் போகிறவர்களையும்தான். கையால் மலம் அள்ளும் அவலத்தைப் பற்றி 2017இல் வெளிவந்த ‘கக்கூஸ்’ ஆவணப்படத்துக்கு அவர் ஒளிப்பதிவு செய்தார். அந்தத் தொழில் இந்தியாவில் 1993இலும், இன்னும் கடுமையாக 2013இலும் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது, சாவுகள் நிற்கவில்லை. நச்சுவாயு தாக்கி இறந்தவர்களின் செத்த வீடுகளுக்குப் பழனிக்குமார் போனார். தகப்பனை இழந்த பிள்ளைகளைப் படமெடுத்தார். ‘நானும் ஒரு குழந்தை’ என்ற தலைப்பில் அவற்றைத் தமிழ்நாட்டின் ஊர்களில் காட்சிக்கு வைத்தார். பின்னர் ‘பாரி’ என்ற கிராமப்புற இந்திய ஆவணக் களஞ்சியத்துக்காக, கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களைத் தொடர்ந்தார்.

அவருடைய படங்களில் பெண்கள் நீருக்கடியிலும், ஈரச் சேலையோடு படகிலும், கண் சிவந்து கரையிலும் இருக்கிறார்கள். எந்தப் படத்திலும் அவர்கள் பரிதாபத்துக்காகக் கையேந்தவில்லை. வேலை தெரிந்தவர்களின் நிமிர்வு அவர்களுடைய தோளில் இருக்கிறது. உழைக்கும் தாயைப் பார்த்து வளர்ந்தவரால் இப்படி எடுக்க முடிகிறது என்று சொன்னால் அது மிகையல்ல. இன்று அவர் துப்புரவுத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கும் மீனவப் பிள்ளைகளுக்கும் கமராவைக் கொடுத்துப் பயிற்சியளிக்கிறார். அவருடைய எல்லாத் தொடர்களிலும் நீண்டகாலம் நிற்கப்போவது இதுவாகவே இருக்கும்.

அமிர்தராஜ் ஸ்டீபன் கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு அருகேயுள்ள பகுதியைச் சேர்ந்தவர். 2011இல் இடிந்தகரையில் போராட்டம் பெருத்தபோது, அவருக்கு அது சொந்த ஊரின் விவகாரம். தேசிய ஊடகங்கள் பொலிஸ் தடியடி நடந்த நாட்களில் வந்து போயின. அவர் உண்ணாவிரதப் பந்தலையும், கடலுக்குள் இறங்கி நின்ற மக்களையும், பின்பு ஆளில்லாமல் ஓய்ந்த நாட்களையும் பதிவுசெய்தார். அத்தொடருக்கு அவர் இட்ட தலைப்பின் பொருள் ‘என் வீட்டுக் கொல்லையில் ஓர் அணுமின் நிலையம்’ என்பது.

வாடிப்பட்டி ஜெய்சிங் நாகேஸ்வரன் இன்னும் உள்ளே போனார். திருநங்கைகளின் வாழ்வைப் பதிவுசெய்த அவர், 2020இன் பொதுமுடக்கத்தில் ஊர் திரும்பித் தன் குடும்பத்தையே எடுக்கத் தொடங்கினார். தலித் குடும்பம், தலித் பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கூடம் தொடங்கிய பாட்டி பொன்னுத்தாயின் வீடு. பிள்ளைகள், தோட்டம், கிணறு, மாலை வெயில் என அமைதியான படங்கள் அவை. சாதியின் வன்முறையைப் பற்றி வந்த படங்களில் தலித்துகள் பெரும்பாலும் பிணமாகவோ கண்ணீராகவோ இருந்த இடத்தில், ஜெய்சிங் தன் வீட்டின் அன்பை வைத்தார். அதுவும் அரசியல்தான், அழுத்தமான அரசியல்.

புதுச்சேரியின் செந்தில்குமரன் புலிகளையும் புலிகளால் தாக்கப்பட்டவர்களையும் சுமார் பத்தாண்டு பின்தொடர்ந்தார். காயப்பட்ட மனிதரும் கூண்டிலடைத்த புலியும் அவருடைய தொடரில் ஒரே மரியாதையோடு எடுக்கப்பட்டிருக்கிறார்கள். 2022இல் உலகப் பத்திரிகைப் புகைப்படப் போட்டியின் சிறப்புக் குறிப்பு அதற்குக் கிடைத்தது. யானையோடு பகையும் பழக்கமுமாக வாழும் படுவான்கரைக்காரருக்கு, நான்கு பேரில் இவருடைய தொடரே மிக நெருக்கமாகத் தோன்றும்.

பெட்டிச் செய்தி: கரடியனாறு

மட்டக்களப்பு வாவி சுமார் 56 கிலோமீற்றர் நீளமானது. கடலோரம் எழுவான்கரை, வாவிக்கு மேற்கே படுவான்கரை. செங்கலடியிலிருந்து பதுளை நோக்கிப் போகும் ஏ5 வீதியில், ஏறாவூர்ப்பற்றுப் பிரதேச செயலகப் பிரிவில் உள்ளது கரடியனாறு. உறுகாமம், உன்னிச்சைக் குளங்கள் இப்பகுதியின் நெல்வட்டைகளுக்கு உயிர். நெல்லும் மாடும் குளத்து மீனும் இங்கே பிழைப்பு. 2002 போர்நிறுத்தக் காலத்தில் விடுதலைப் புலிகளின் ‘தேனகம்’ செயலகம் இங்கே இருந்தது.

நான்கு படங்களில் அடங்கிய ஊர்

கரடியனாறு வெளியுலகப் படங்களில் எப்படி வந்தது என்று பார்த்தால், ஒற்றைச் சம்பவங்களின் வரிசை ஒன்று தெரியும். 2002க்குப் பின் தேனகத்துக்கு வந்த வெளிநாட்டுப் பிரதிநிதிகளும் கைகுலுக்கல்களும். 2007 ஜூலையில் போரில் புலிகளிடமிருந்து குடும்பிமலை வீழ்ந்தபோது கொடியேற்றும் படையினர். 2010 செப்டெம்பர் 17இல் வீதி வேலைக்காகப் பொலிஸ் நிலைய வளவில் வைத்திருந்த வெடிமருந்துக் கொள்கலன்கள் வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, தரைமட்டமான கட்டடங்கள். அதன் பின் யானை மிதித்த வீடுகளும் வாய்க்காலில் செத்துக் கிடந்த யானைகளும்.

இந்த நான்கும் உண்மையானவை. ஆனால் நான்கையும் சேர்த்தாலும் ஊர் வராது. முன்மாரி விதைப்புக்கு முன் வட்டவிதானை கூட்டும் கூட்டம், கதிர் முற்றும் காலத்தில் பரணில் விடியும் வரை விழித்திருக்கும் காவல், வேளாண்மை வெட்டி முடிந்ததும் வயலுக்குள் இறங்கும் மாட்டுப்பட்டி, பால் சேகரிப்பு நிலையத்தின் காலை வரிசை, இடம்பெயர்ந்து திரும்பியவர்கள் கட்டிய வீடுகளின் பூசாத சுவர்கள் ஆகியவை எந்தச் செய்தியாளரையும் கொழும்பிலிருந்து அழைத்து வராது. அவற்றில் எதுவும் ஒரு நாளில் நடப்பதில்லை, ஒரு படத்தில் அடங்குவதும் இல்லை.

காவல் பரணை எடுத்துக்கொள்ளலாம். நாலு காலில் நிற்கும் கம்புத்தட்டு, மேலே கிடுகு. ஒரு பக்கம் யானை வெடி, டோர்ச், வெற்றிலைப் பை. இருட்டியதும் பக்கத்துப் பரணுக்குக் குரல் கொடுத்து ஆள் இருப்பதை உறுதிப்படுத்திக்கொள்வார்கள். நடுச்சாமத்துக்குப் பிறகு குரல்கள் குறையும். யானை வருவதை முதலில் சொல்வது நாய். பெரும்பாலான இரவுகளில் யானை வராது. வராத இரவின் தூக்கமின்மைக்கும் விலை உண்டு. அடுத்த நாள் உடலும் பிள்ளையின் படிப்பும் குடும்பத்தின் அமைதியும் அந்த விலையைக் கொடுக்கின்றன. இலங்கையில் ஆண்டுக்கு 400க்கும் மேற்பட்ட யானைகள் இறக்கும் நிலை 2019இலேயே வந்துவிட்டது. அதே ஆண்டில் நூற்றுக்கும் மேற்பட்ட மனிதர்களும் இறந்தனர். யானை வந்த இரவுகள் மட்டுமே இந்த எண்களுக்குள் இருக்கின்றன. வராத இரவுகளைக் காட்ட வேண்டுமானால் ஒருவர் ஒரு போகம் முழுவதும் பரணில் இருந்து எடுக்க வேண்டும்.

வெளியிலிருந்து வருபவரின் பொறுமை

ஊர்க்காரர் மட்டும்தான் எடுக்க வேண்டும் என்பது இதன் பொருளன்று. புகைப்படக் கலைஞர் ஷர்னி ஜயவர்தனவும் மானிடவியலாளர் மாலதி டி அல்விஸும் சேர்ந்து செய்த பத்தினி–கண்ணகி வழிபாட்டுத் தொடர் இதற்கு நல்ல சாட்சி. தெற்கின் பத்தினி தேவாலயங்களையும் கிழக்கு, வடக்கின் கண்ணகி கோயில்களையும் ஒரே தொடருக்குள் கொண்டுவந்தது அது. இனமாகப் பிரிந்து சண்டையிட்ட ஒரு நாட்டில், இரு பக்கமும் ஒரே பெண்ணின் முன் கைகூப்பி நிற்பதைப் பிரசங்கம் எதுவும் இல்லாமல் காட்டியது.

மட்டக்களப்பின் கண்ணகி கோயில்களில் வேலை செய்வது எந்தக் கமராவுக்கும் எளிதன்று. பல கோயில்கள் ஆண்டு முழுவதும் பூட்டிக் கிடக்கும். வைகாசியில் கதவு திறந்து, சில நாள் சடங்கு நடந்து, குளிர்த்தியோடு மறுபடி பூட்டப்படும். கண்ணகி வழக்குரை பாடப்படும் அந்த இரவுகளைத் தவறவிட்டால் அடுத்த வைகாசிதான். பூசகரான கட்டாடியாரின் சம்மதம் வேண்டும், எங்கே நிற்கலாம், எதை எடுக்கக் கூடாது என்பது தெரிந்திருக்க வேண்டும். வெளியாள் ஒருவர் திரும்பத் திரும்ப வந்து, சொல்லுக்குக் கட்டுப்பட்டு நடந்தால்தான் இடம் கிடைக்கும். பிள்ளைகளை இழந்த தெற்கின் தாய்மாரைப் பற்றி முன்பே ஆழமாக எழுதியவர் மாலதி. கண்ணகியின் கோபத்தையும் துயரையும் தேடி அவர் கிழக்கு வந்தது தற்செயலாகத் தெரியவில்லை. 2021 ஜனவரியில் அவர் காலமானார்.

இன்னும் தூரத்திலிருந்து வந்தவர் வசந்த யோகநாதன். தகப்பன் இலங்கையர், பிறப்பும் வளர்ப்பும் பிரான்ஸில். 2013 முதல் 2021 வரை இராமாயணத்தின் வழியைப் பின்பற்றி நேபாளத்திலிருந்து இலங்கை வரை பயணித்து, ஏழு நூல்களாக ஒரு தொடரை வெளியிட்டார். கறுப்பு வெள்ளைப் படங்கள் சிலவற்றுக்குப் பழைய இந்திய ஸ்ரூடியோ முறையில் கையால் வண்ணம் தீட்டச் செய்தார். கதையையும் நேரில் கண்டதையும் பிரித்தறிய முடியாத மென்மை அவற்றில் உண்டு. தகப்பனின் நாட்டை நேரே பார்க்கத் துணியாத பிள்ளை, காப்பியத்தின் வழியாகச் சுற்றி வந்து சேர்வது போன்ற தொடர் அது. பரிஸ், ரொறொன்ரோ, லண்டனில் வளர்ந்த படுவான்கரைப் பிள்ளைகள் பலர் இதைப் பார்த்தால் தம்மையே கண்டுகொள்வார்கள்.

நெஞ்சோடு பிடித்த படம்

கிழக்கின் மிகப் பெரிய புகைப்படத் தொடரைப் புகைப்படக் கலைஞர் எவரும் எடுக்கவில்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் மட்டக்களப்பு காந்திப் பூங்காவிலும் கச்சேரி வாசலிலும் நெஞ்சோடு பிடித்து நிற்கும் படங்களே அந்தத் தொடர். 1990 செப்டெம்பர் 5இல் வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து 158 பேர் கொண்டு செல்லப்பட்டார்கள். அவர்களில் பலருடைய குடும்பங்களிடம் மிஞ்சியது அடையாள அட்டைக்கு எடுத்த ஒரு படம்.

1972 முதல் வழக்கத்துக்கு வந்த தேசிய அடையாள அட்டைக்கு நேரே பார்க்கும் முகம் வேண்டும். அந்தச் சின்னப் படத்தை ஸ்ரூடியோக்காரர் பெரிதாக்குகிறார். இமையின் கோடு மங்கிவிடுகிறது. மடிப்பு விழுந்த இடத்தில் கன்னத்தைத் தூரிகையாலோ கணினியாலோ நிரப்புகிறார். பின்னணி நீலமாகிறது, சில வேளை, வாழ்நாளில் கோட் அணியாத கமக்காரப் பிள்ளைக்கு ஒரு கோட்டும் கிடைக்கிறது. லமினேற் செய்த மூலையில் ஈரம் புகுந்து மை கசிகிறது. அதைத் தாய் தன் சேலைத் தலைப்பால் துடைத்துத் துடைத்து அந்த இடம் வெளிறிவிடுகிறது. அரசு ஆளை அடையாளம் காண்பதற்காக எடுக்கச் சொன்ன படத்தைக் கொண்டே, அந்த ஆள் எங்கே என்று தாய் அரசைக் கேட்கிறாள்.

வட இலங்கைத் தமிழரின் புகைப்படப் பழக்கங்களை ஆராய்ந்த மானிடவியலாளர் விந்தியா புத்பிட்டிய, ஸ்ரூடியோக்களையும் போராட்டத்தில் ஏந்தும் படங்களையும் சேர்த்தே பார்க்கிறார். அது சரியான பார்வை. படத்தின் வரலாறு எடுத்தவரோடு முடிவதில்லை. ஏந்தியவரோடும் அது தொடர்கிறது. இந்தத் தாய்மாரை எடுத்து உலகுக்கு அனுப்பிய செய்திப்படங்கள் ஆயிரம் இருக்கும். அவர்கள் கையிலிருக்கும் படம் எந்த ஆண்டு, எந்த ஸ்ரூடியோவில் எடுக்கப்பட்டது என்று கேட்டுப் பதிந்தவர்கள் மிகக் குறைவு.

எடுத்த பிறகு

ஒரு தொடர் வெளியான பின் நடப்பவைதான் அதன் உண்மையான கணக்கு.

முதலில், சம்மதம். மினமாட்டாத் தொடரின் மிகப் புகழ்பெற்ற படம், நஞ்சேறிய மகளைத் தாய் குளிப்பாட்டும் படம். அது உலகை உலுக்கியது. நிறுவனத்துக்கு எதிரான போராட்டத்துக்கு வலுவூட்டியது. மகள் இறந்த பின்னும் அந்த உடல் உலகெங்கும் அச்சாகிக்கொண்டே இருந்தது பெற்றோரை வாட்டியது. 1990களின் இறுதியில் அய்லீன் ஸ்மித் அப்படத்தைப் பற்றி முடிவெடுக்கும் உரிமையைப் பெற்றோரிடம் கொடுத்தார். அதன் பின் அதைப் புதிதாக வெளியிடுவதை நிறுத்தினார். ஒரு காலத்தில் மனமாரக் கொடுத்த சம்மதமும் காலம் கடந்து பாரமாகலாம். போரில் உடல் ஊனமுற்றவர்களையும் விதவைகளையும் முன்னாள் போராளிகளையும் கொண்ட படுவான்கரையில், ஒருமுறை வாங்கிய கையொப்பத்தை ஆயுள் அனுமதியாகக் கருதுவது அநியாயம்.

அடுத்து, பாதுகாப்பு. மயிலத்தமடு – மாதவணை மேய்ச்சற்தரை அபகரிப்பு விவகாரம் மட்டக்களப்புப் பால்பண்ணையாளர்களின் உயிர்ப் பிரச்சினை. 2023 ஆகஸ்ட்டில் அங்கே பார்வையிடச் சென்ற பல்சமயத் தலைவர்களும் ஊடகவியலாளர்களும் பல மணிநேரம் தடுத்துவைக்கப்பட்டார்கள். செப்டெம்பர் 15 முதல் சித்தாண்டியில் பண்ணையாளர்கள் தொடர் போராட்டத்தில் இறங்கினார்கள். காயப்பட்ட, கொல்லப்பட்ட மாடுகளைக் கைத்தொலைபேசியில் எடுத்துப் பகிர்ந்தவர்களும் அவர்களே. இத்தகைய இடத்தில் கமராவோடு வந்தவர் படம் எடுத்துக்கொண்டு வண்டியேறிப் போய்விடலாம். படத்தில் முகம் தெரியும் பண்ணையாளர் நாளைக்கும் அதே தரைக்குத்தான் மாட்டை ஓட்டிப் போக வேண்டும். முகத்தைக் காட்டுவதா, கையையும் மாட்டையும் மட்டும் காட்டுவதா என்பது அழகியல் முடிவாக மட்டும் இருக்க முடியாது.

படம் எதையாவது மாற்றுமா என்ற கேள்விக்கு ஒலுவில் தரும் விடை மிதமானது. 2023 ஒக்டோபர் 1 முதல் இலங்கையில் பிளாஸ்டிக் கோப்பை, தட்டு, கரண்டி, மாலை, இடியப்பத் தட்டு முதலியவை தடைசெய்யப்பட்டன. தடை அறிவிக்கப்பட்டபோது யானைகளின் சாவும் காரணமாகப் பேசப்பட்டது. படங்களே சட்டத்தைக் கொண்டுவந்தன என்று சொல்ல முடியாது. அந்தப் பேச்சு நடந்தபோது யாரும் யானையைக் கற்பனை செய்துபார்க்க வேண்டியிருக்கவில்லை என்பது உறுதி.

இன்னொரு குறை, பார்வையாளர். டாக்காவின் சோபி மேளா 2000இலும், காத்மண்டு புகைப்படவிழா 2015இலும், சென்னைப் புகைப்பட பினாலே 2016இலும் தொடங்கின. கொழும்பில் 2019இல் தொடங்கிய நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகம் மும்மொழியிலும் விளக்கம் எழுதுகிறது, பாராட்டத்தக்கது. இருந்தும் கிழக்கைப் பற்றிய தொடர்கள் கிழக்குக்குத் திரும்பி வருவது அரிது. கொழும்பிலும் ஐரோப்பாவிலும் தொங்கும் படத்தில் இருப்பவர், அந்தப் படத்தைப் பார்க்காமலே இறந்துபோகிறார். கரடியனாற்றுப் பள்ளிக்கூட மண்டபத்தில் கயிறு கட்டி, கிளிப்பால் படங்களைத் தொங்கவிட அதிகச் செலவாகாது. எந்தத் தொடரும் முதலில் எடுத்த ஊரில் காட்டப்பட வேண்டும் என்பதை நிதி கொடுக்கும் நிறுவனங்கள் நிபந்தனையாகவே எழுதலாம்.

பெட்டிச் செய்தி: கமராவைக் கைமாற்றும் முறை

1990களின் தொடக்கத்தில் கரோலின் வாங், மேரி ஆன் பரிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் சீனாவின் யுன்னான் மாகாணக் கிராமப் பெண்களிடம் கமராக்களைக் கொடுத்தார்கள். பெண்கள் தம் வேலையையும் நோயையும் பிள்ளை வளர்ப்பையும் தாமே எடுத்து, படங்களை நடுவில் வைத்துக் கூடிப் பேசி, அதிகாரிகளிடம் தம் தேவைகளைச் சொன்னார்கள். எடுப்பதைவிடக் கூடிப் பேசுவதே இம்முறையின் மையம். இன்று கைத்தொலைபேசி இருப்பதால் கமராவுக்கு நிதி தேடும் சிரமமும் இல்லை.

றங்குப் பெட்டிக்குள் இருக்கும் தொடர்

புதிதாக எடுப்பது ஒரு பக்கம். ஏற்கனவே எடுத்ததைக் காப்பது மறுபக்கம். காத்மண்டுவில் 2011இல் தொடங்கிய நேபாளப் படநூலகம் வீடு வீடாகக் குடும்பப் படங்களைச் சேகரித்து, அவற்றைக் கொண்டே நேபாளப் பெண்களின் பொதுவாழ்வைப் பற்றிப் பெரிய தொடர் ஒன்றை உருவாக்கியது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தோடு இணைந்த ஆய்வாளர்கள் 1880 முதல் 1980 வரையான தமிழ்நாட்டு ஸ்ரூடியோப் படங்களைத் தேடி மின்னுருவாக்கினார்கள். ஈழத்து எழுத்துக்களைச் சேர்க்க 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் இன்று படங்களையும் ஆவணங்களையும் பாதுகாக்கிறது. வழியும் அனுபவமும் தமிழ் பேசும் கைகளுக்கு எட்டும் தூரத்திலேயே உள்ளன.

படுவான்கரையின் அல்பங்கள் பல பேரிடர்களைக் கண்டவை. இடப்பெயர்வில் தொலைந்தவை உண்டு; சோதனைக்குப் பயந்து வீட்டுக்காரரே எரித்தவையும் புதைத்தவையும் உண்டு. வாவிக்கு அப்பால் 2004 டிசெம்பர் 26இல் கடல் கொண்டுபோனவை உண்டு. தப்பியவை கரையானுக்கும் ஈரத்துக்கும் நடுவே றங்குப் பெட்டியில் இருக்கின்றன. பூப்புனித நீராட்டு விழா, வேளாண்மை வெட்டு, கூத்து அரங்கேற்றம், போடியார் வீட்டு வாசல், பாடசாலை விளையாட்டுப் போட்டி ஆகிய படங்கள் சேர்ந்தால், நான்கு சம்பவப் படங்களில் அடங்கிப்போன ஊருக்கு ஒரு நூற்றாண்டின் முகம் கிடைக்கும். படத்தில் நிற்பவர்களைப் பெயர் சொல்லக்கூடியவர்கள் இப்போது எழுபதையும் எண்பதையும் தாண்டிவிட்டார்கள். அவர்கள் போன பின் அவை யாரென்று தெரியாத ஆட்களின் படங்களாகிவிடும்.

எனவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வார இறுதியில் வீட்டிலுள்ள பழைய படங்களை வெளியே எடுங்கள். அம்மம்மாவையோ அப்பப்பாவையோ பக்கத்தில் இருத்தி, ஒவ்வொரு படத்திலும் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று கேளுங்கள். அதைப் படத்தின் பின்பக்க ஓரத்தில் மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறிவிடும். பொலித்தீன் உறையில் ஒட்டிக்கொண்ட படத்தை இழுத்துப் பிய்க்காமல், உறையோடு வைத்தே கைத்தொலைபேசியால் நிழல் விழாமல் ஒரு பிரதி எடுத்து, குடும்பத்தில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள்.